மூன்று மணிக்கு முனகும் பெட்டி

1

இந்தக் கதை ஒரு வரைபடத்திலிருந்து வந்தது. பிறகு வேறு யாரோ கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

கணினித் திரையில் பதினேழு கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு மனிதரின் மனம் என்றார் அந்தப் பெண் ஆராய்ச்சியாளர். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கைபேசியில் ஒரு செயலியைக் கொடுத்திருந்தார்கள். தினமும் மூன்று மணிக்கு அது கேட்கும்: இப்போது உங்கள் மனம் எப்படி இருக்கிறது? கீழே ஐந்து முகங்கள் வரும். முதல் முகம் அழும், ஐந்தாவது முகம் சிரிக்கும். ஒன்றைத் தொட்டு அனுப்பினால் ஆறுதலாக ஒரு வாக்கியம் வரும். மனம் நொந்திருக்கிறவர்களுக்கு இப்படி ஒரு செயலியால் கொஞ்சமாவது பாரம் குறைகிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

அந்த ஆறுதல் வாக்கியங்களை எழுதியவன் நான். மொத்தம் நூற்றுப் பத்து.

"பதினேழு பேர் பதிலும் ஒம்பது நிமிஷத்துக்குள்ள வருது சார். தினமும் அதே வரிசையில வருது," என்றார் ஆராய்ச்சியாளர். "பதினேழு பேரு இல்ல. ஒரே கட்டைவிரல்."

நான் கோடுகளைப் பார்த்தேன். பதினாறு கோடுகள் மேடும் பள்ளமுமாக ஓடின. கடைசிக் கோடு மட்டும் நான்காவது முகத்தில், மேசை விளிம்பு மாதிரி நேராகக் கிடந்தது.

"இது?"

"அது யாரோ நிம்மதியான ஆளு. அதை விடுங்க. நீங்க நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. உங்களுக்கு அவங்ககிட்ட பேச வரும்."

"அவங்கன்னா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உழைக்கிறவங்க," என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பார்த்தால், அவரும் உழைக்காமல் இல்லை.

2

முதல் வரி, முதல் முயற்சி:

வெண்மைக்கு ஒரு வாசனை உண்டென்றால் அது

(வேண்டாம். அங்கே அடிப்பது வெளுப்புக்காரத்தின் நெடி. தொண்டையைப் பிடிக்கும். வாசனை பிடித்துக்கொண்டு நிற்க அங்கே யாருக்கும் நேரமில்லை.)

இரண்டாவது முயற்சி:

அவர் ஒரு சாதாரணப் பெண்மணி. அவருடைய

(சாதாரணப் பெண்மணி என்று ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.)

மூன்றாவது முயற்சி:

மூன்று மணிக்குப் பெட்டி முனகத் தொடங்கியது.

இது இருக்கட்டும்.

சலவைக்கூடத்துக்குள் போனதும் முதலில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆவி. அதற்குள் ஈரப் படுக்கைவிரிப்புகள் தாமாகவே எழுந்து, தாமாகவே விரிந்து, தாமாகவே ஒரு திசையில் போய்க்கொண்டிருந்தன. மேகத்துக்குள் யாரோ படுக்கை விரித்துக்கொண்டிருந்தார்கள். கண் பழகிய பிறகுதான் விரிப்புகளின் ஓரத்தில் கைகள் தெரிந்தன, கைகளுக்குப் பின்னால் ஆட்கள் தெரிந்தார்கள். நடுவில் சூடான இரும்பு உருளை ஒன்று, ஆளுயரத்துக்குச் சுழன்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் ஈரத்துணியின் இரு முனைகளைப் பிடித்து, இழுத்து, சுருக்கமில்லாமல் உருளைக்குள் விடுகிறார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் காய்ந்த துணியை வாங்கி மடிக்கிறார்கள். பேச்சு கேட்காது. உருளையின் ஒரே சீரான உறுமல், தூக்கத்தில் யாரோ தட்டிக்கொடுக்கிற மாதிரி.

கதவருகே ஓர் இரும்புப் பெட்டி. ஈரமும் சூடும் இருக்கிற இடம்; கவனம் சிதறினால் கை உருளைக்குள் போய்விடும். அதனால் வேலை தொடங்கும்போது எல்லாக் கைபேசிகளும் அந்தப் பெட்டிக்குள் போய்விடும். பூட்டி, சாவியைக் கழுத்துக் கயிற்றில் போட்டுக்கொள்கிறவர் ஐம்பது வயதைத் தொட்ட ஒரு பெண்மணி. சாவி அக்கா என்று கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

சரியாக மூன்று மணி. இரும்புக்குள் பதினேழு கைபேசிகள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. பெட்டி தேன்கூடு மாதிரி முனகியது. சாவி அக்கா தன் துணி முனையை மடிக்கிறவளிடம் கொடுத்துவிட்டு வந்தார், பெட்டியைத் திறந்தார், கவிழ்த்துப்போட்ட கூடையில் உட்கார்ந்தார், கைபேசிகளை மடியில் கொட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக முகம் போட ஆரம்பித்தார்.

ஒன்பது நிமிடம். கடைசியாகத் தன்னுடையது. அதைப் பார்க்கக்கூட இல்லை, விரல் தானாகப் போய்த் தொட்டது.

3

"எல்லாருக்கும் நீங்களே போடுறீங்களா அக்கா?"

"பின்ன? பதினாறு பேரும் உருளைய நிறுத்திட்டு வந்து மூஞ்சி தேடிட்டு நிப்பாங்களா?"

"மூணு மணிக்கு முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

"கேட்டாங்களா? பாவம், படிச்சவங்க. போன்னா எல்லார் கையிலயும்தான் இருக்கும்னு நெனைச்சுட்டாங்க."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பிற்பகல் மூன்று மணிக்கு மனம் ஏன் சோர்கிறது என்பதைப் பற்றி ஆராய்ச்சியாளர் என்னிடம் அரை மணி நேரம் பேசியிருக்கிறார். மூன்று மணிக்குக் கைபேசி எங்கே இருக்கும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வேலைத்தலத்தில் வளர்ந்தவன் என்று சொல்லிக்கொள்கிற எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.)

"பூட்டு எண் எல்லாம் எப்படித் தெரியும்?"

"எல்லாரும் நாலு தடவை ஒண்ணுதான் வச்சிருக்கானுங்க. இவனுங்ககிட்ட என்ன ரகசியம் இருக்கு?"

"சரி, யாருக்கு எந்த மூஞ்சின்னு?"

அவர் ஒரு துண்டை எடுத்து ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். "பிடி. இழு." இழுத்தேன். அவரும் இழுத்தார். "தெரியுதா?"

"என்ன?"

"நேத்து சரியா தூங்கல நீ. எதையோ மறைச்சுக்கிட்டு வந்திருக்கே."

இரண்டும் உண்மை. கையிலிருந்த துண்டு தேள் மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

"அரை மணிக்கு ஒருக்கா ஆள் மாறும். மூணு மணிக்குள்ள எல்லாரும் ஒருதரம் எனக்கு எதிர்ல வந்து துணி பிடிச்சிருப்பாங்க. வீட்டுல சண்டைன்னா வெடுக்குன்னு வரும். பிள்ளைக்குக் காய்ச்சல்னா துணியில இழுப்பு வரும், போகும், வரும். வாய் பொய் சொல்லும் தம்பி. துணிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

துணிகளை இயந்திரத்தில் போடுகிற பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். சோப்புக்காரர் என்று பெயர். "இன்னிக்கு என்னக்கா சொல்லுது?" என்று அக்காவின் மடியில் கிடந்த தன் கைபேசியை எட்டிப் பார்த்தார். சாவி அக்கா உரக்கப் படித்தார்:

"'நீங்கள் தனியாக இல்லை.'"

"அடப்பாவி! பதினேழு பேரு ஒரே ரூமுல வெந்துக்கிட்டு இருக்கோம். தனியா இல்லைன்னு இது வந்து சொல்லணுமா? கொஞ்ச நேரம் தனியா விடுங்கடான்னு எழுதச் சொல்லுங்க. எந்தப் புண்ணியவான் எழுதினானோ!"

"நான்தான்," என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதான பாத்தேன். மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கு." அப்புறம் கொஞ்சம் இரக்கப்பட்டு, "தண்ணி வாக்கியம் நல்லாருக்கு தம்பி. அது உன்னுதா?" என்றார்.

அதுவும் என்னுடையதுதான். நூற்றுப் பத்தில் ஒன்று: தண்ணீர் குடித்தீர்களா? வேறெதுவும் தோன்றாத நாளில் எழுதியது. அது வருகிற நாளில் சாவி அக்கா எழுந்து நின்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாராம். எல்லாரும் ஒரு நிமிடம் உருளையை விட்டு நகர்ந்து குடிப்பார்களாம். அன்றைக்கும் ஒரு கைபேசியில் அது வந்திருந்ததைப் பார்த்தார். கத்தினார். பதினாறு பாட்டில்கள் ஆவிக்குள் ஒன்றாக நிமிர்ந்தன. பார்க்க அழகாக இருந்தது.

அவருடைய பாட்டில் கூடைக்குப் பக்கத்தில் கழுத்துவரை நிறைந்து நின்றது. இதை நான் அன்றைக்குக் கவனித்தேன் என்று எழுதினால் பொய். வீட்டுக்கு வந்து இந்தப் பத்தியை எழுதும்போதுதான் அது கண்ணில் பட்டது.

4

இந்த இடத்தில் ஆராய்ச்சியாளரை வில்லியாக்கிவிட்டால் கதை சுலபமாக ஓடும். படித்தவருக்கு ஒன்றும் தெரியாது, பாட்டாளிக்கு எல்லாம் தெரியும். கைதட்டு விழும். ஆனால் எனக்கு அந்தக் கைதட்டில் நம்பிக்கையில்லை. மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத கூட்டத்தில் வளர்ந்தவன் நான். முதுகு வலி என்பார்கள், பசியில்லை என்பார்கள், தலைசுற்றல் என்பார்கள். ஒரு நாள் வேலைக்கு வரமாட்டார்கள். அப்புறம் யாரோ போய்க் கதவை உடைப்பார்கள். ஐந்து முகம் வைத்தாவது கேட்க வேண்டும் என்று நினைத்த அந்தப் பெண்ணை நான் எப்படிக் கேலி செய்வது?

என் அப்பா மூட்டை தூக்கியவர். அதிகபட்சம் எவ்வளவு பாரம் தூக்குவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஏத்திவிடுறது யாருங்கிறதைப் பொறுத்தது," என்றார். இந்தப் பதிலை எந்த முகத்தில் வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியாது.

(இதைக் கதையின் நீதியாக எடுத்துக்கொண்டு இங்கேயே எழுந்துபோய்விடாதீர்கள். கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.)

5

இரண்டாம் நாள் அவரே ஆரம்பித்து வைத்தார்.

"கொக்குக்கு மட்டும் நான் பொய் போடுறேன்," என்றார்.

கொக்கு என்பது ஒரு நெட்டையான ஆள். நாற்பது வயதிருக்கும். ஆவிக்குமேல் அவர் தலை மட்டும் தனியாக மிதக்கும். மனைவி போய்ச் சேர்ந்து எட்டு மாதம்.

"அவன் எதிர்ல நின்னா துணியில ஆளே இல்ல தம்பி. இந்தப் பக்கம் நான் பிடிச்சிருக்கேன், அந்தப் பக்கம் காத்து பிடிச்சிருக்கு. எட்டு மாசமா அப்படித்தான். முதல் மூஞ்சிதான் போடணும். போட மாட்டேன். மூணாவதுதான் போடுவேன், சந்தேகம் வராம நடுவுல நடுவுல நாலு."

"ஏன் அக்கா?"

"போட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். இரண்டு நாள் தொடர்ந்து முதல் முகம் வந்தால் ஆலோசகர் தொலைபேசியில் அழைப்பார். கூடவே மேற்பார்வையாளருக்கும் தகவல் போகும்: இவரை உருளையில் நிறுத்தாதீர்கள், ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். பாதுகாப்புக்காக வைத்த விதி. நல்ல விதி.

"வீட்டுல என்ன இருக்கு அவனுக்கு? நாலு சுவரு. இங்கன்னா துணியோட மறுபக்கம் நானாச்சும் இருக்கேன்."

ஆராய்ச்சியாளர் மறுநாள் மாலைக்குள் பதில் கேட்டிருந்தார். உள்ளதைச் சொன்னால் சலவைக்கூடத்தையே ஆராய்ச்சியிலிருந்து நீக்குவார்கள். போவதற்குமுன் எல்லாரையும் ஆலோசகர் அழைத்துப் பேசுவார். கொக்கு வீட்டுக்கு அனுப்பப்படுவார். சொல்லாமல் விட்டால் கொக்கு மூன்றாவது முகத்துக்குப் பின்னால் பத்திரமாக மறைந்திருப்பார். ஒரு நாள் அவருக்கு ஏதாவது ஆனால், கடைசியாக அவர் பெயரில் பதிவாகியிருப்பது ஒரு பொய்யும் அதன்கீழே என் வாக்கியமுமாக இருக்கும்.

"சொல்லிடுவியா?" என்றார் சாவி அக்கா.

"தெரியல."

"எழுதுறவனுக்கே தெரியலன்னா நல்லாத்தான் இருக்கு போ."

6

முடிவுகள், இதுவரை எழுதிப் பார்த்தவை:

சொல்லிவிடுகிறேன். ஆலோசகர் அழைக்கிறார். கொக்கு உடைந்து அழுகிறார், தேறுகிறார். (இது முடிவில்லை, செயலியின் விளம்பரம்.)

சொல்லாமல் விடுகிறேன். ஒரு நாள் காலை கொக்கு வேலைக்கு வரவில்லை. சோப்புக்காரர் போய்க் கதவைத்

(நிறுத்திவிட்டேன். என் கதைக்குக் கனம் ஏற்ற ஒரு மனிதரைச் சாகடிக்க மாட்டேன். அந்தக் கதவை நான் நிஜத்தில் பார்த்திருக்கிறேன்.)

எல்லாம் கனவு. விழித்தால் மேலே வெள்ளைப் போர்வை. (இதைப் பதினெட்டு வயதில் எழுதியிருப்பேன்.)

ஆகவே மூன்றாம் நாள் எழுத்தை மூடிவைத்துவிட்டு, "நானும் துணி பிடிக்கிறேன்," என்று போய் நின்றேன்.

"சட்டைக் கையை மடிச்சுக்கோ. உருளை எழுத்தாளன்னு பாக்காது," என்றார் சாவி அக்கா.

எதிரே கொக்கு. தலையை மட்டும் அசைத்தார். ஈரவிரிப்பின் முனை என் கைக்கு வந்தது. நினைத்ததைவிடக் கனம். இழுத்தேன்.

அந்தப் பக்கம் ஆள் இருந்தார்.

சோர்ந்த இழுப்புதான். ஆனால் சீரானது, என் தடுமாற்றத்துக்கு ஏற்ப விட்டுக்கொடுத்துப் பிடிக்கிற இழுப்பு. சைக்கிள் ஓட்டப் பழக்குகிறவர் பின்னால் பிடித்திருக்கிற மாதிரி. பத்துத் துணி விட்டிருப்போம். வெள்ளை வெள்ளையாக எங்களுக்கு நடுவே எழுந்து போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் யார் இழுக்கிறார், யார் விடுகிறார் என்பதே மறந்துபோய், ஆவிக்குள் நான் பாதி தூக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

"இழுப்பு இருக்கே அக்கா," என்றேன்.

"உன் கை பேனா பிடிக்கிற கை. அதுக்கென்ன தெரியும்?"

கொக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார். "எந்த இழுப்பு?"

நான் சாவி அக்காவைப் பார்த்தேன். மூன்று மணி ஆகியிருந்தது. பெட்டி முனகியது.

7

இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அலங்காரம் செய்யக் கை வரவில்லை.

சாவி அக்கா கூடையில் உட்கார்ந்தார். கொக்கு உருளையில் வேறொருவரை நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே வந்தார். அவர் வருவது இதுவே முதல்முறை. மடியில் கிடந்த கைபேசிகளில் தன்னுடையதைத் தேடி எடுத்து, திரையைப் பார்த்தார்.

"எனக்கு என்னக்கா போடுவீங்க?"

"மூணு."

"ஏன், நான் எப்படி இருக்கேன்னு நெனைக்கிறீங்க?"

"கொக்கு, போய் வேலையைப் பாரு."

"சொல்லுங்க."

"உன் பக்கம் ஆளே இல்லடா," என்றார் சாவி அக்கா. "துணி தொங்குது. எட்டு மாசமா தொங்குது. எனக்குப் பயமா இருக்கு."

கொக்கு குனிந்தார். அவ்வளவு உயரமான ஆள் தரையில் குந்த நேரம் பிடித்தது. முழங்கால் மடித்து, கூடைக்கு எதிரே, அவர் முகத்துக்கு நேராக வந்தார்.

"அக்கா. தொங்குறது உங்க பக்கம்."

உருளை உறுமிக்கொண்டிருந்தது.

"மத்தவங்க எதிர்ல நின்னா இழுத்துப் பிடிக்கிறீங்க. என் எதிர்ல வந்தா மட்டும் கைய விட்டுடுறீங்க. எட்டு மாசமா நான் ரெண்டு எட்டு முன்னால வந்துதான் உங்க பக்கத்தையும் சேத்து உள்ள விடுறேன். சரி, அக்காவும் எங்கயாச்சும் ஒரு இடத்துல கைய விடட்டும்னு நானும் சொல்லல."

சாவி அக்கா கழுத்துக் கயிற்றிலிருந்த சாவியை இறுக்கப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு நல்லா இருக்குன்னு சொல்லல," என்றார் கொக்கு. தன் கைபேசியில் இரண்டாவது முகத்தைத் தொட்டு அனுப்பினார். "இதுதான் எனக்கு." பிறகு மடியிலிருந்து இன்னொரு கைபேசியை எடுத்தார். ஓரத்தில் விரிசல் விட்டது. வரிசையில் எப்போதும் கடைசியாக வருவது.

நாலு ஒண்ணு. திறந்தது.

மேசை விளிம்பு மாதிரி நேராகக் கிடந்த அந்தப் பதினேழாவது கோடு யாருடையது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேவலமாக இருந்தது. மூன்று நாளாக அவர் எதிரிலேயே உட்கார்ந்து அவர் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தவன், ஒருதரம்கூட அவரைக் கேட்கவில்லை.

கொக்கு முதல் முகத்தைத் தொட்டார். அனுப்பவில்லை. திரையைச் சாவி அக்கா பக்கம் திருப்பி அவர் மடியில் வைத்தார்.

"ரெண்டு நாள் தொடர்ந்து போட்டாத்தானே போன் பண்ணுவாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா."

"அப்போ நாளைக்கும் நானே வந்து போடுவேன்," என்றார் சாவி அக்காவிடம்.

"டேய், உருளை ஓடுது. போய் முனையப் பிடி."

"பிடிக்கிறேன். நீங்க அதை அமுக்குங்க."

8

அன்று மாலை ஆராய்ச்சியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, சாவி, மூன்று மணி, துணி. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்தக் கூடத்தோட தகவல் மொத்தமும் போச்சு," என்றார். அப்புறம், "அந்த நேர்க்கோட்டை நிம்மதின்னு சொன்னேன்ல, நான்," என்றார். ஆலோசகரைப் போனில் அழைக்கச் சொல்லாமல் நேரிலேயே அனுப்புவதாகச் சொன்னார். வீட்டுக்கு அனுப்புகிற விதியைப் பற்றி மேற்பார்வையாளரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். கேட்பார்களா என்று கேட்டேன். "தெரியல சார்," என்றார். அந்தப் பதிலுக்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல. அமுக்கினாரா என்றுதானே கேட்கிறீர்கள்?

எனக்குத் தெரியும். நான் அங்கேதான் நின்றேன். எழுதமாட்டேன். எழுதினால் அவருக்கு நான் ஒரு முகம் போட்டதாகிவிடும். பதினாறு பேருக்கு அவர் போட்ட மாதிரி, அவருக்கு நானும். ஒருவர் மனதை இன்னொருவர் விரல் சொன்னது போதும்.

ஒன்று மட்டும் செய்தேன். முதல் முகத்தை அனுப்பினாலும் திரையில் வந்துவிடுகிற வாக்கியத்தை, நீங்கள் தனியாக இல்லை என்பதை, அழித்துவிட்டேன். அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. என்ன எழுதுவது என்று நாற்பது தடவை ஆரம்பித்துப் பார்த்தேன்.

அக்கா, உங்களுக்கு

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. அவர் இன்னும் கூடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மடியில் திரை ஒளிர்கிறது. கட்டைவிரல் அதற்குமேல், ஒரு துணியின் தடிமனளவு உயரத்தில் நிற்கிறது. பக்கத்தில் அந்தப் பாட்டில், கழுத்துவரை நிறைந்து. அந்த வாக்கியத்தின் மறுமுனை இப்போது உங்களிடம் இருக்கிறது. இழுத்துப் பிடியுங்கள், உருளை ஓடுகிறது.